உப்புத் தண்ணீரில் பகடை

“அந்தப் பகடையைத் தொடாதீங்க!”

ராட்னி போட்ட சத்தத்தில் சர்ச் ஹாலே திரும்பிப் பார்த்தது.

மேஜையில் மறுபடியும் ஆறு விழுந்திருந்தது. உருட்டியவர் ஐலீன். அந்த ஆறில் ராட்னியின் பொம்மைக் குதிரைப்படை பாதி காலி.

“அதெப்படிம்மா உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் ஆறு? பகடையில ஏதோ கோல்மால் இருக்கு.”

“அதிர்ஷ்டம்தான். வேற என்ன?”

“அதிர்ஷ்டமா! நான் எத்தனை வருஷமா ஆடறேன். இது திறமைக்கான ஆட்டம்மா. அதிர்ஷ்டம் கிதிர்ஷ்டமெல்லாம் தோத்தவன் பேசற பேச்சு.”

பொம்மைப் போர் விளையாட்டு கிளப்பின் கேப்டன் பெர்னார்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். டெர்பி ஊர் கிளப்போடு மோதப்போகும் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு அது. வருஷா வருஷம் கோப்பையை வீட்டுக்குத் தூக்கிப் போகிறவர் ராட்னி. ஐலீன் போன குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவர். பெர்னார்டின் மனசு யார் பக்கம் என்று சொல்லவே வேண்டாம்.

“விதி தெரியுமில்ல?” என்றார் ஐலீனிடம். “பகடை ஒரே பக்கமா விழுதுன்னு தெரிஞ்சா, தெரிஞ்சு உருட்டினாலும் சரி, தெரியாம உருட்டினாலும் சரி, ஒரு வருஷம் ஆட முடியாது.”

ஐலீன் எழுந்தேவிட்டார். “பேசிக்கிட்டு நிக்காதீங்க. உப்பு எங்க இருக்கு?”

உப்பை அள்ளிக் கொட்டிக் கரைத்தால் தண்ணீரில் பகடை மிதக்கும். நல்ல பகடை என்றால் புரட்டப் புரட்ட வேற வேற முகம் காட்டும். கோளாறான பகடை எப்படிப் புரட்டினாலும் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கும்.

மூன்று பேரும் சமையலறைக்குப் போனார்கள். பெர்னார்ட் ஒரு கண்ணாடி டம்ளரில் உப்பைக் கலக்கி, ஐலீனின் பச்சைப் பகடையைப் போட்டு விரலால் அமுக்கி அமுக்கி விட்டார். இரண்டு, ஐந்து, ஒன்று, நாலு. ஒரு குறையும் இல்லை. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

“சுத்தமா இருக்கு. வாங்க, ஆட்டத்தை முடிப்போம்.”

“இருங்க. அவரோடதையும் போட்டுப் பார்க்கணும்,” என்றார் ஐலீன்.

“ராட்னியோடதையா? நல்லா இருக்கே! யாரைச் சந்தேகப்படறதுன்னு ஒரு விவஸ்தை வேண்டாம்?”

“விடு பெர்னார்ட்.” ராட்னி சிரித்துக்கொண்டே பையிலிருந்து தன் சிவப்புப் பகடையை எடுத்தார். “ஆசை தீரப் பார்த்துக்கட்டும். நீ போய் வெளியில சொல்லு.”

பெர்னார்ட் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ராட்னியைப் போய் யாராவது சோதிப்பார்களா! வெளியே வந்து ஐலீன் பகடையில் தப்பில்லை என்று அறிவித்துவிட்டு, டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

டீ ஆறிய பிறகுதான் இருவரும் வந்தார்கள். ராட்னியின் முகத்தில் ஈயாடவில்லை. ஐலீன்தான் பேசினார்.

“இவர் பகடையிலயும் தப்பில்ல. ஆனா இன்னிக்கு இவரும் என் பகடையையே உருட்டுவார். அப்புறம் யாரும் ஒண்ணும் பேச முடியாது பாருங்க.”

‘என்ன திமிர்!’ என்று நினைத்தார் பெர்னார்ட். ராட்னி அதற்குச் சரி என்று தலையாட்டியதுதான் அவருக்கு விளங்கவில்லை.

ஆட்டம் தொடர்ந்தது. ராட்னிக்கு ஒண்ணும் ரெண்டுமாகவே விழுந்தது.

“என்னய்யா, கை மரத்துப் போச்சா?” என்று யாரோ சீண்டினார்கள். ராட்னி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

ஐலீன் மேஜையை ஓங்கித் தட்டினார். “எந்திரிக்கக் கூடாது. ஆடுங்க!”

ராட்னி நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, மிச்சமிருந்த குதிரைகளைக் குன்றுக்குப் பின்னால் நகர்த்தினார். பீரங்கியைப் பாலத்தோரம் கொண்டுபோனார். சின்ன எண் விழுந்தாலும் போதும் என்கிற மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து நிறுத்தினார். ஐலீன் ஈவு இரக்கம் காட்டவில்லை, போட்டுத் தாக்கினார். நல்ல நல்ல எண்ணாக விழுந்தும் அவர் படை நகர இடமில்லாமல் மாட்டிக்கொண்டது. கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஐலீன் தன் தளபதி பொம்மையைப் படுக்க வைத்துவிட்டார்.

பெர்னார்ட் துள்ளினார். “பார்த்தீங்களா! இதுக்குப் பேர்தான்யா திறமை! ராட்னி, டெர்பிக்குக் கிளம்பு!”

“என்னால வர முடியாது, பெர்னார்ட்.” ராட்னி சிவப்புப் பகடையை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். “இது உப்புத் தண்ணியில ஆறைத் தவிர எதையும் காட்டல. சத்தியமா எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. கோப்பையெல்லாம் இதுதான் வாங்குச்சா, நமக்கு ஆடவே தெரியாதான்னு அங்கேயே இடிஞ்சு உட்கார்ந்துட்டேன். ‘என் பகடையில ஆடிப் பாருங்க, தெரிஞ்சு போயிடும்’னு இழுத்துட்டு வந்தது இவங்கதான். விதிப்படி ஒரு வருஷம் நான் வெளியே. இடம் இவங்களுக்கு.”

சமையலறையில் நின்று பார்க்காமல் வந்த பெர்னார்டுக்குக் காது சூடானது.

“ஏம்மா, அப்பவே கதவைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆடாமலே இடம் உங்களுக்குத்தானே?”

ஐலீன் ராட்னியை முறைத்தார். ரகசியத்தை உடைத்துவிட்டாரே என்று அவருக்கு ஆத்திரம்.

“இவரை ஜெயிக்கணும்னுதாங்க நான் இந்த கிளப்புக்கே வந்தேன். அதுவும் இந்த மேஜையில. சமையக்கட்டுல இல்ல.”