ஓட்டுக்கு ஒரு துண்டு நிலம்

"நாற்காலி ஊர்க்காரங்களுக்கு மட்டும்தான்," என்றார் ஊர்ப் பெரியவர் கிளெம். காலியாகக் கிடந்த நாற்காலிகளையும் மடக்கிச் சுவரில் சாய்த்தார்.

யூசேபியோவும் அவனோடு வந்தவர்களும் சேறு காய்ந்த பூட்ஸோடு தீயணைப்பு நிலையத்தின் பின்சுவரை ஒட்டி நின்றுகொண்டார்கள். மனை வியாபாரி மேப்ரியிடம் குழாய் பதிக்க வந்த கூலியாட்கள் அவர்கள்.

அன்று அங்கே ட்ரை பெக்கான் ஊர்க் குடிநீர்ச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். லாபம் பார்க்காத சங்கம்; குழாய் வைத்திருப்பவர்களே அதன் சொந்தக்காரர்கள். பண்ணை முழுக்க மாடு வைத்திருப்பவருக்கும் ஒரு ஓட்டுதான், ஒற்றைக் குழாய்க்காரருக்கும் ஒரு ஓட்டுதான். டெக்சஸ் சட்டம் அப்படி.

அந்தச் சங்கத்தை மேப்ரி விலைக்குக் கேட்டார். சங்கத்தின் கிணறு அவர் கைக்குப் போனால் தண்ணீர் முதலில் அவருடைய கோல்ஃப் மைதானத்துக்குப் பாயும்; மிச்சம் இருந்தால் ஊருக்கு. முடியாது என்று ஊர் ஒரே குரலில் சொல்லிவிட்டது.

விற்பதா என்பதைக் கூட்டத்தில் ஓட்டுதான் முடிவு செய்யும்; மேப்ரிக்கு இருந்ததோ ஒரே ஓட்டு. அதனால் தன் கூலியாட்களை உறுப்பினராக்கினார். அதற்கும் சட்டத்தில் ஒரு நிபந்தனை உண்டு: இங்கே சொந்த நிலம் உள்ளவர்தான் உறுப்பினராகலாம். ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தை அவரவர் பெயரிலேயே பதிவு செய்து, ஒரு டிரெய்லர் வீட்டையும் இறக்கிக் குழாய் இழுத்துக் கொடுத்தார். ஓட்டு முடிந்ததும் திரும்ப எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம்.

"இவனுங்களுக்கு ஓட்டுச் சீட்டு குடுக்காத, வான்டா. நேத்து வந்தவனுங்க," என்றார் கிளெம்.

சங்கத் தலைவி வான்டா ஓட்டுப் பெட்டியை மேசை நடுவில் வைத்தாள். "உங்க தாத்தாவும் ஒரு நாள் வந்து இறங்கினவருதான், கிளெம். நிலம் இருக்கு, குழாய் இருக்கு, அப்போ உறுப்பினர்தான். தோத்தாலும் சட்டப்படிதான் தோப்போம்."

தோற்கப்போவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சுவரோரம் நின்ற தலைகள் நாற்காலியில் இருந்தவற்றைவிட அதிகம். ஆனாலும் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, மேப்ரியின் முகத்தைப் பார்த்து, விற்கக் கூடாது என்று உரக்கச் சொல்லிவிட்டே சீட்டைப் போட்டார்கள். ரகசிய ஓட்டு, அப்படிச் சொல்லத் தேவையே இல்லை என்று வான்டா தடுத்தும் ஒருவரும் கேட்கவில்லை.

கூலியாட்கள் சீட்டை நான்காக மடித்து, தலையைக் குனிந்தபடி போட்டுவிட்டு மறுபடி சுவரோரம் போனார்கள். திங்கட்கிழமை சங்க வாசலில் தன் பெயரில் புதுப் பலகை மாட்டப்போவதாக மேப்ரி சிரித்துக்கொண்டே அறிவித்தார்.

வான்டா எண்ணினாள். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள்.

"விக்கறதில்லைன்னு முடிவாயிருக்கு," என்றாள்.

யாரும் கைதட்டவில்லை. கிளெம்கூடப் பெட்டியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்.

மேப்ரி மேசையில் ஓங்கி அடித்தார். "உங்க ஊரு மொத்தத்தையும்விட என் ஆளுங்க அதிகம். பெட்டியில என்ன தில்லுமுல்லு பண்ணீங்க?"

பின்னாலிருந்து யூசேபியோ நிதானமாகச் சொன்னான்:

"எங்க தண்ணிய நாங்க விக்கல, சார்."