கையில் சுற்றிய துணி

நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் சேர்த்து நடந்த தேயிலைக் கொழுந்து பறிக்கும் போட்டி முடிந்தது. சிவசக்தியின் கூடைதான் எடை அதிகம். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பரிசுக் கோப்பையை எடுத்தபோது, வேறு தோட்டத்துத் தெய்வானை குறுக்கே வந்தாள்.

“போன வருஷம் நான்தான் முதலு. இந்தம்மா கையில சுத்தியிருக்கிற துணிக்குள்ள கொழுந்து வெட்ட பிளேடு இருக்குங்க ஐயா. அவுக்கச் சொல்லுங்க.”

“விரல் வெடிக்காம இருக்க எல்லாரும்தான் துணி சுத்துறோம்,” என்றாள் சிவசக்தி.

“அப்ப அவுக்க என்ன பயம்?”

துரையும் தலையாட்டினார். சிவசக்தி மெதுவாகத் துணியை அவிழ்த்தாள். பிளேடு இல்லை. கட்டைவிரலும் இல்லை.

“குடல்ல புத்துநோய்ங்க ஐயா. ஆபரேஷன் பண்ணி ரெண்டு வருஷத்துல விரல் எலும்புக்கு வந்துருச்சு. விரலை எடுத்துட்டாங்க.”

“குடல்ல இருந்து விரலுக்கா?” என்றார் துரை.

“டாக்டரே புத்தகத்துலதான் படிச்சிருக்கேன்னாரு. இப்ப நாலு வருஷமா ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப எப்பிடிப் பறிக்கிற?”

பக்கத்துச் செடியின் கொழுந்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, படக்கென்று ஒடித்துக் காட்டினாள்.

துரையிடமிருந்து கோப்பையை வாங்கி, தெய்வானையே அந்தக் கையில் கொடுத்தாள்.

“அடுத்த வருஷம் நான் ஜெயிக்கணும்க்கா. அந்த ரெண்டு விரல் வித்தையச் சொல்லிக் குடுங்க.”