பட்டியலில் இருக்கும் கடை

"கடை திறந்துதான் இருக்கா?" என்று கேட்டபடி வாசலிலேயே குடையை மடக்கினார் வந்தவர்.

"திறந்துதான் இருக்கு, உள்ள வாங்க" என்றாள் ஹில்டே. இவர்தான் ஆக்செல் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

இரும்பை அடிப்பது, ரம்பத்தால் அறுப்பது, இயந்திரத்தை அலறவிடுவது, இதையெல்லாம் இண்டஸ்ட்ரியல் இசை என்று உட்கார்ந்து கேட்கிற ஒரு கூட்டம் ஐரோப்பாவில் இருக்கிறது. ஊருக்குப் பத்துப் பேர் தேறினால் அதிகம். அவர்கள் தேடும் இசைத்தட்டுகள் பெரிய கடைகளில் கிடைக்காது. எந்த ஊரில், எந்தச் சந்தில், யாருடைய மாடிப்படிக்குக் கீழே கிடைக்கும் என்று பதினெட்டு வருஷமாக இணையத்தில் பட்டியல் போட்டு வைத்திருப்பவர் போஹும் நகரத்து ஆக்செல். அவரை நேரில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் கடைக்காரருக்கு விஷயம் தெரியவில்லை என்று காதில் விழுந்தால் போதும், மறுநாளே கடையின் பெயர் காணாமல் போய்விடும்.

கென்ட் நகரத்தில் அந்தப் பட்டியலில் இருப்பது ஒரே கடை. அது ஹில்டேயின் கணவன் யோரிஸ் நடத்தியது. யோரிஸ் இறந்து இரண்டு வருஷமாகிறது என்பதை ஹில்டே ஆக்செலுக்குச் சொல்லவில்லை. பட்டியலைப் பார்த்துவிட்டு மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது கறுப்புச் சட்டையும் ஈரக் காலணியுமாக வந்துகொண்டிருந்தார்கள். தட்டுகளை அவர்களே தேடி எடுப்பார்கள். போகும்போது மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார்கள். மற்ற நாளெல்லாம் கடையோடு சேர்ந்த அந்த வீட்டில் பேசுவது ரேடியோ மட்டும்தான். பட்டியலிலிருந்து பெயர் போனால் அந்த இரண்டு வார்த்தையும் போய்விடும்.

போன வாரம் ஆக்செலின் முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. பட்டியலில் உள்ள கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வருவதாகவும், சனிக்கிழமை கென்ட் வருவதாகவும் இரண்டே வரி. அன்றிலிருந்து ஹில்டே பரீட்சைக்குப் படிப்பதுபோல அலமாரியில் இருந்த இசைக்குழுக்களின் பெயர்களை மனப்பாடம் செய்தாள்.

வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. இந்த இசைக்காரர்களில் பாதிப் பேர் இப்போது மூட்டுவலிக்காரர்கள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹில்டே காபியும் பிஸ்கட்டும் கொடுத்தாள். கடை எத்தனை வருஷமாக நடக்கிறது, என்ன மாதிரி ஆட்கள் வருகிறார்கள் என்றெல்லாம் மெதுவாக விசாரித்தார். யோரிஸ் சொல்லிக் காதில் விழுந்திருந்ததையெல்லாம் தான் சொல்வதுபோலச் சொல்லிச் சமாளித்தாள். கடைசியில் அவள் பயந்த கேள்வி வந்தே விட்டது.

"உங்களுக்குப் பிடிச்சதா ஒண்ணு போட்டுக் காட்டுங்களேன்."

அலமாரியின் மேல் அடுக்கிலிருந்து, எழுத்தே இல்லாத சாம்பல் நிற உறை ஒன்றை உருவினாள். உறையில் எழுத்து குறையக் குறைய யோரிஸுக்கு அந்தத் தட்டின் மேல் மரியாதை கூடும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஊசியை வைத்து, குமிழைத் திருப்பினாள்.

முதலில் கரகரத்தது. பிறகு உறுமியது. தடதடவென்று வேகம் பிடித்துச் சுவரையே அதிர வைத்தது. வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து நிமிடம் அசையாமல் கேட்டார். கண்ணோரம் லேசாக ஈரம் கட்டியிருந்தது. ஹில்டேவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்படியே நெஞ்சுக்குள்ள இறங்குது. இத்தனை ஊர்ல கேட்டதுல இதுதான்" என்றார்.

பெயர் தப்பித்தது என்ற சந்தோஷத்தில் அவள் போய் ஊசியைத் தூக்கினாள். சத்தம் நிற்கவில்லை. குனிந்து பார்த்தாள். ஒலிபெருக்கியின் விளக்கு எரியவே இல்லை. அவள் திருப்பியது வேறு குமிழ். முப்பது வருஷமாகக் கேட்டுப் பழகிய சத்தம், பயத்தில் அவளுக்கே அடையாளம் தெரியாமல் போயிருந்தது. சத்தம் மெல்ல முனகி அடங்கியது.

"அது பக்கத்து லாண்டரி" என்றாள். "துணி பிழியற மெஷின்."

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? யோரிஸ் போனது, தனக்கு ஒரு தட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியாதது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அவர் இதைப் போட்டா நான் மாடிக்குப் போயி கதவைச் சாத்திக்குவேன். இப்ப இதைத் தேடி வர்றவங்களை விட்டா எனக்கு ஆளே இல்லை. பட்டியல்லருந்து கடைப் பேரை எடுத்துடாதீங்க."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து பட்டியலை எழுதியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எடுக்கவும் தெரியாது, சேர்க்கவும் தெரியாதுங்க. ஆக்செல் என் பையன். மார்ச் மாசம் தவறிட்டான். ஒரே வீட்டுல இருந்தோம். அவன் இதைப் போட்டா, நிறுத்துடான்னு நான் சுவத்துல தட்டுவேன்."

ஹில்டே எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது பதினாலாவது கடை. எல்லாக் கடையிலயும் போடச் சொல்லிக் கேட்டுட்டேன், ஒண்ணும் பிடிபடலை" என்றார் அவர். "இன்னிக்குத்தான், அதைக் கேட்டப்பத்தான், அவனுக்கு இதுல என்ன பிடிச்சிருந்துதுன்னு முதல் தடவையாப் புரிஞ்சுதுன்னு நினைச்சேன்."