லீவா, ஒரேயடியாவா?

"வெளிநாட்டுல யாராச்சும் இருக்காங்களாம்மா?"

கையில் டேப்லெட்டுடன் வாசலில் நின்ற பெண் கேட்டதும், எல்சி முதலில் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். ராயபுரத்தில் அந்தச் சந்தில் ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும்.

"உள்ள வாம்மா. இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு?" என்று அழைத்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "இதெல்லாம் எதுக்குக் கேக்கறீங்க?"

"நாட்டை விட்டு எத்தனை பேர் போயிருக்காங்க, எத்தனை பேர் திரும்பி வந்திருக்காங்கன்னு அரசாங்கம் கணக்கு எடுக்குதும்மா. வீடு வீடா கேக்கறோம்."

"எம்புள்ள, சாவியோன்னு பேரு, கத்தார்ல கீறான்" என்றாள் எல்சி. பெருமையாகச் சொல்லத்தான் பார்த்தாள். குரல் என்னவோ ஒத்துழைக்கவில்லை.

"இப்ப அங்கதான் இருக்காரா?"

"இல்ல, இங்கதான். லீவுல வந்துகீறான்."

"எப்ப வந்தார்?"

"அது ஆச்சு... எட்டு மாசம்."

பெண் நிமிர்ந்து பார்த்தாள். "எட்டு மாசம் லீவா?"

"நல்ல கம்பெனிம்மா."

"சரி, திரும்பிப் போற தேதி சொல்லுங்க."

எல்சி முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். இல்லாத தேதியை எங்கிருந்து சொல்வது?

"லீவுல வந்தவங்க ஒரு கட்டம், ஒரேயடியா வந்துட்டவங்க வேற கட்டம்மா. எதுன்னு போட்டாத்தான் அடுத்த கேள்வி வரும்."

"லீவுன்னே போட்டுக்க. போட்டா இன்னா ஆவும்?"

"வெளிநாட்டுல இருக்கறவங்க கணக்குல அவர் போயிடுவார்."

"அப்ப ரேஷன் கார்டுலருந்து பேரை எடுத்துடுவாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்க சொல்றது எதுவும் வெளிய போகாது. ஆனா உள்ளதைச் சொல்லணும்."

அந்தச் சமாதானம் எல்சியின் காதில் ஏறவில்லை. அரசாங்கம் ஒன்றைக் கேட்டுவிட்டுச் சும்மா போனதாக அவளுக்குத் தெரிந்து சரித்திரம் கிடையாது. எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"ஒரேயடியாத்தாம்மா வந்துட்டான். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டுல பாரம் தூக்கற போர்க்லிப்ட் வண்டி ஓட்டறான். இது மட்டும் வெளிய தெரிஞ்சுது, எம்புள்ளைக்குக் கல்யாணமே நடக்காது."

"ஏன்?"

"நாளைக்குப் பொண்ணு பாக்கப் போறோம். அவனுக்கு முப்பத்து மூணு ஆவுது. இங்கதான் வேலைன்னு சொன்னதுக்கு நாலு எடம் தட்டிப் போச்சு. தரகர் ஆசீர்வாதம் அண்ணன்தான், 'கத்தார்ல வேல, லீவுல வந்துகீறான்னு சொல்லிக்கலாம், கல்யாணம் முடிஞ்சப்பறம் யாரு கேக்கப் போறா'ன்னாரு. அப்படியே சொல்லி வெச்சிகீறோம்."

"உங்க பையன் ஒத்துக்கிட்டாரா?"

"அவனா? பொண்ணு வூட்டுல உள்ளதைச் சொல்லிடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். நீ வாயத் தொறந்தா நான் சோத்துல கை வெக்கமாட்டேன்னு நாந்தான் மெரட்டி வெச்சிகீறேன்."

சம்பந்தி வீட்டுக்குப் பொய், அரசாங்கத்துக்கு நிஜம் என்று எல்சி பிரித்து வைத்திருந்தது அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை வரவழைத்தது. தலையைக் குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டாள்.

"திரும்பி வந்த காரணம் என்னம்மா? ஒப்பந்தம் முடிஞ்சுதா, வேலை போச்சா, உடம்பு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது. சூப்பர்வைசர் ஆக்கறோம், போவாதன்னுதான் சொன்னாங்க." எல்சி சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்தைப் பார்த்தாள். "போன வருசம் அவங்கப்பா பூட்டாரு. இவனுக்கு லீவு குடுக்கல. அடக்கத்தைப் போன்லதான் பாத்தான். கல்லறைல நாந்தான் போனைத் தூக்கிப் புடிச்சிகினு நின்னேன். மண்ணு போடசொல்லோ, 'அம்மா, இன்னும் கொஞ்சம் கிட்ட காட்டுமா'ன்னான். அப்பறம் வந்தவன்தான். பாஸ்போர்ட்டை எங்கையில குடுத்துட்டு, 'இனிமே நம்ம வூட்டு ஆளுங்க யாரையும் போன்ல பாக்கமாட்டேம்மா'ன்னுட்டான்."

சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பெண் டேப்பை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"இதுக்கு எந்தக் கட்டத்துலம்மா போடுவ?"

"குடும்பக் காரணம்னு ஒண்ணு இருக்கும்மா. அதுல போடறேன்."

"போடு. ஆனா யாராண்டயும் சொல்லிடாத. பொண்ணு வூடு எண்ணூர்ல. பொண்ணோட அப்பா பதினெட்டு வருசம் சவுதில இருந்தவராம். மாப்ளயும் வெளிநாடாத்தான் வேணும்னு நிக்கறாராம். நாங்க இன்னும் பொண்ணு மொகத்தக்கூட பாக்கல."

"சொல்லமாட்டேம்மா" என்றாள் அவள். எல்சி கொடுத்த மோரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, வேறு எந்த வீட்டிலும் சொல்லாதவள் இங்கே, "போயிட்டு வரேம்மா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

பஸ் நிறுத்தம் வரை வேகமாக நடந்தாள். கூட வேலை செய்யும் ஜஸீமாவுக்கு ஒதுக்கியிருந்த தெரு இது. கெஞ்சிக் கூத்தாடி அதை மாற்றி வாங்கிக்கொண்டதற்கு இப்போது ரொம்பச் சந்தோஷப்பட்டாள். போனை எடுத்து வீட்டுக்குப் பேசினாள்.

"அம்மா, ரேச்சல் பேசறேன். நாளைக்கு நம்ம வூட்டுக்கு வர்றவங்களை வேணாம்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லல. உங்கப்பா போனைக் கையில வெச்சிகினு குந்திகீறாரு."

"சொல்ல வேணாம்னு சொல்லு. எனக்கு இந்த மாப்ளயப் புடிச்சிகீது."

எதிர்முனையில் அம்மாவின் குரல் உயர்ந்தது.

"அடியே, வெளிநாட்டுல கீற மாப்ளயக் கட்டவேமாட்டேன்னு நாலு நாளா அழுதுகினு கெடந்தவ நீதானேடி?"