இந்த நம்பருக்கு அழைக்கவும்

"இந்த நம்பர் இருந்த தடமே தெரியக் கூடாது, தங்கச்சி. ஒரு இலக்கம்கூட."

வேன்காரர் சொல்லி முடிப்பதற்குள் ஸ்டிக்கர் கடைக்காரியின் முகம் மாறிவிட்டது.

நீல வேனின் பின்கதவில் ஒரு ஸ்டிக்கர். 'நான் ஒழுங்காக ஓட்டவில்லையா? இந்த நம்பருக்கு அழைக்கவும்.' கீழே பத்து இலக்கம். வெயிலில் வெளுத்து, ஓரமெல்லாம் சுருண்டு, பெயின்ட்டோடு பெயின்ட்டாக ஒட்டிக் கிடந்தது.

"ஏண்ணே, தினமும் புகார் வருதா?"

"வந்தாத்தானே!" என்று சிரித்தார். "நேத்து வரைக்கும் இது கம்பெனி வண்டி. இன்னைக்குக் காலையிலேருந்து என் வண்டி. பதினெட்டு வருஷம் அடுத்தவங்க வண்டி ஓட்டியாச்சு. இனி நானே டிரைவர், நானே முதலாளி."

'அதானே! கேட்க ஆள் இல்லைன்னு ஆனதும் முதல் வேலையா நம்பரை உரிக்க வந்துட்டார்' என்று நினைத்துக்கொண்டாள்.

சொந்த வண்டி என்பதே பொய்யாக இருந்தால்? கம்பெனியிலேயே கேட்டுவிடலாம் என்று தன் போனை எடுத்து, கதவைப் பார்த்துப் பத்து இலக்கத்தையும் அழுத்தினாள்.

'நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.'

அவளுக்குச் சுரீரென்றது. போன வருடம் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்ட அதே குரல். கணவரின் ஸ்கூட்டரை இடித்துத் தள்ளிவிட்டு ஒரு லாரி நிற்காமல் போனது. அதன் முதுகிலும் இப்படித்தான் ஒரு நம்பர் இருந்தது. அன்றிலிருந்து கணவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. உள்ளே உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்து வெட்டுவார். ஒட்டுவதும் உரிப்பதும் அவள் தலையில் விழுந்தது.

"இது செத்த நம்பர்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். மூணு வருஷம் ஆச்சு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்க?"

"நான் என்ன பண்றது? வண்டி அவங்களது." தோளைக் குலுக்கினார்.

'வேற கடை பாருங்க' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளேயிருந்து கணவர் இருமினார். வேலையை வேலையாப் பாரு என்கிற இருமல்.

பல்லைக் கடித்துக்கொண்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை எடுத்தாள்.

"பிளேடு வச்சா சட்டுனு வந்துடுமே?"

"பெயின்ட்டும் சேர்ந்து வரும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஒரே இடத்தில் சூடு நிற்காமல் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஓரம் இளகியதும் நகத்தால் கிளப்பி, கதவோடு கதவாகப் படுக்க வைத்து மெல்ல மெல்ல உரித்தாள். வர மறுத்த இலக்கங்களுக்கு அடியில் நைலான் நூலை விட்டு அறுத்தாள். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் பசையைத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவினாள். ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக வேலையைக் கெடுக்கிறவள் இல்லை அவள்.

ஸ்டிக்கர் போய்விட்டது. ஆனால் வெயில் படாத இடம் மட்டும் கருநீலமாக நின்றது.

"ஐயையோ, நம்பர் அப்படியே தெரியுதே!" வேன்காரர் பதறினார்.

"அவ்வளவு பயமாண்ணே?"

"பயம்தான்" என்றார், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

பாலிஷ் போட்டுத் தேய்த்தாள். தோள்பட்டை விட்டுப்போகும் வரை தேய்த்தாள். கதவு முழுக்க ஒரே நீலமானது. அவர் குனிந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

"பிரமாதம் தங்கச்சி!"

அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "சந்தோஷமா போங்க. இனி இஷ்டத்துக்கு ஓட்டலாம். எவன் மேல ஏத்தினாலும் கேட்க ஆள் கிடையாது."

அவர் திகைத்துப்போய்ப் பார்த்தார்.

"என்னம்மா சொல்ற? வேலை பாதிதானே முடிஞ்சிருக்கு?" சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "அதே வாசகம்தான், இன்னும் பெரிசாப் போடணும். கீழே இந்த நம்பர். பழைய நம்பர் லேசாத் தெரிஞ்சாக்கூட, மூணையும் எட்டையும் குழப்பிக்கிட்டு யாராவது தப்பா அடிச்சுடுவாங்களே, அதான் பயந்தேன்."

சீட்டை வாங்கிப் பத்து இலக்கத்தையும் படித்தாள்.

"இது... உங்க நம்பரா?"

"என்னோடதா இருந்தா எடுக்காம விட்டுடுவேனே! என் பொண்டாட்டி நம்பர்." நிமிர்ந்து நின்றார். "பதினெட்டு வருஷம் யார் மேலயும் உரசாம ஓட்டியிருக்கேன். செத்த நம்பரைக் கட்டிக்கிட்டு அதைச் சொன்னா யார் நம்புவா? முதலாளின்னா இனிமே நம்புற மாதிரி ஓட்டணும்ல. சந்தேகம் இருந்தா அடிச்சுப் பாரு."

அடித்தாள். ஒரு மணிகூட முழுசாக அடிக்கவில்லை.

"சொல்லுங்க, எந்த ரோடு? இடிச்சாரா, உரசினாரா? மறைக்காம சொல்லுங்க, வீட்டுக்கு வரட்டும் பேசிக்கறேன்!"

"ஒண்ணுமே பண்ணலைக்கா" என்றாள் கடைக்காரி.

"அப்போ போனை வைம்மா. நிஜமாவே அடிபட்டவங்க யாராவது கூப்பிட்டா லைன் கிடைக்காமப் போயிடும்."