முடிந்துபோன ரிப்பேர்

வடிகட்டியை மறுபடியும் கழற்றினேன்.

வாஷிங் மெஷினின் கீழ்ப்பக்கம், மூலையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் வடிகட்டி. தண்ணீர் வெளியே போகாமல் நின்றுவிட்டால் பாதி நேரம் கோளாறு அங்கேதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடியில் ஒரு தட்டை வைத்து, வடிகட்டியைத் திருகி எடுத்து, அடைத்திருப்பதை இழுத்துப் போட வேண்டியதுதான். கை கால் உள்ள யாரும் செய்யலாம். இதற்கென்று ஓர் ஆளை வைத்திருக்கிறார்களே, அது என் அதிர்ஷ்டம்.

ஓட்டலில் தங்குகிறவர்கள் தாங்களே துவைத்துக்கொள்ள வைத்திருக்கும் மெஷின். துணியோடு எதையெதையோ உள்ளே போடுவார்கள். இன்றைக்கு வந்தது ஒரு கொண்டை ஊசியும் குழந்தையின் காலுறையும்.

அதெல்லாம் காலையிலேயே எடுத்தாகிவிட்டது. மெஷின் நன்றாக ஓடுகிறது.

ஆனாலும் ஸ்பேனரை எடுத்து அதன் காலில் இரண்டு தட்டு தட்டினேன். சத்தம் காரிடார் வரைக்கும் கேட்க வேண்டும். உள்ளே வேலை நடக்கிறது என்று எல்லோரும் நம்ப வேண்டும். கதவில் ‘பழுது’ அட்டை தொங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏனென்றால், சுவரிலிருந்து நான் முன்னால் இழுத்துப் போட்டிருக்கும் இந்த மெஷினுக்குப் பின்னால், மடித்த துண்டுகளின் மேல், என் மனைவி தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

இதே ஓட்டலில்தான் அவளும் அறை சுத்தம் செய்கிறாள். வீட்டில் அவளுடைய அம்மா படுத்த படுக்கை. ராத்திரி முழுக்கப் புரட்டிப் படுக்கவைப்பதும் துடைப்பதும் இவள்தான். நான் கை கொடுக்கப் போனால் மாமியார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். மருமகன் தொட்டுத் தூக்குவதைவிடப் போய்ச் சேர்வதே மேல் என்று நினைக்கிறாரோ என்னவோ. நானும் வெளியே வந்து உட்கார்ந்துகொள்வேன். இத்தனை பெரிய கட்டடத்தில் எது நின்றாலும் ஓட வைக்கிற எனக்கு, என் வீட்டில் ஒரு வேலையும் இல்லை.

இன்று காலை கட்டிலுக்கு விரிப்பு போடும்போதே, நின்ற வாக்கில் தூங்கி விழப் போனாள். அந்த அறையின் குளியலறையில் பல்பு மாட்டிக்கொண்டிருந்த நான் பார்த்துவிட்டு, இங்கே கூட்டிவந்து படுக்க வைத்தேன். வேறு யாராவது பார்த்திருந்தால் கதை கந்தலாகியிருக்கும். போன மாதம் ஒருத்தி காலி அறையில் கண் அயர்ந்தாள் என்று அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

அனுப்பியது சூப்பர்வைசரம்மா. அவரும் ஒரு காலத்தில் தள்ளுவண்டியோடு அறை அறையாகப் போனவர்தான். அதனால் யார் எந்த மூலையில் ஒளிவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி.

தட்டுவதை நிறுத்தினால் மனைவி அசைகிறாள். எங்கள் வீட்டில் சத்தம் அடங்கினால், அடுத்து மாமியார் கூப்பிடப் போகிறார் என்று அர்த்தம். ஆகவே தட்டினேன். குழாயைக் கழற்றி மாட்டினேன். சமமாக நின்ற மெஷினின் கால்களை ஏற்றி இறக்கி ஆட வைத்து, திரும்பச் சமமாக்கினேன். எனக்கே அலுத்துவிட்டது. கண் எரிந்தது. உண்மையைச் சொன்னால், அவள் மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அழுக்குச் சட்டைகளோடு வந்த ஒருவரை, கரண்ட்டை நிறுத்தியிருக்கிறேன், உள்ளே வரக் கூடாது என்று வாய் கூசாமல் சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

அடுத்து வந்தவர் கதவைத் தட்டவில்லை. நேரே திறந்துகொண்டு வந்தார்.

சூப்பர்வைசரம்மா.

சுவரோரம் நான் நிறுத்தி வைத்திருந்த மனைவியின் தள்ளுவண்டியைப் பார்த்தார். பாதி அறைகளுக்கான விரிப்புகள் கலையாமல் அதில் அப்படியே இருந்தன. பிறகு மெஷினுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

ஸ்பேனர் என் கையிலேயே நின்றுவிட்டது. சத்தம் அடங்கியதும் மனைவி புரண்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றதில் இல்லை.

இரண்டு பேர் வேலையும் போயிற்று என்று நினைத்தேன். அதைவிட, இப்போது இவளை எழுப்ப வேண்டுமே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

 சூப்பர்வைசரம்மா பக்கத்தில் சும்மா இருந்த இன்னொரு மெஷினைக் காட்டினார்.

“ரெண்டும் போச்சா?”

“இல்லம்மா, அது நல்லாத்தான் ஓடுது” என்றேன், மரமண்டை போல.

“ரெண்டும் போச்சு. சாயங்காலம் வரைக்கும் ஆகும்னு கீழ சொல்லிடறேன்” என்றார். “ஏன் நிறுத்திட்டீங்க? தட்டுங்க.”

தட்டினேன். சத்தம் தாறுமாறாக வந்தது.

அவர் தள்ளுவண்டியை மெதுவாக வெளியே இழுத்து, கதவைச் சாத்தினார். சக்கரங்கள் கொஞ்ச தூரம் உருண்டு நின்றன. எதிர்ப்பக்கம் ஓர் அறைக் கதவு தட்டப்பட்டது.

“அறை சுத்தம் பண்ண வந்திருக்கேன் சார்” என்று சூப்பர்வைசரம்மாவின் குரல் கேட்டது.