நானூறு நாற்காலி

"நம்மகிட்ட இருக்கறதே நானூறு சேரு. ஒன் கம்ப்யூட்டர் எண்ணூறு காட்டுது. இது எந்த ஊரு கணக்குடா மச்சான்?"

சுப்பராயலு மேசையில் ஓங்கி அடித்தார். கடலூரில் அவருக்கு வாடகைச் சாமான் கடை. சிதம்பரத்தில் ஒரு கிளை. இரண்டு கடை நோட்டுகளையும் மைத்துனன் எழிலன் ஒரே டேட்டாபேஸில் ஏற்றி முடித்த அன்றே இந்தப் பூதம் கிளம்பியிருந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தத்துக்குக் கடலூர் நோட்டில் ராஜமாணிக்கம், நானூறு. சிதம்பரம் நோட்டில் உத்திராபதி, நானூறு.

"சாமானுக்கு ஒரு அட்டவணை, பார்ட்டிக்கு ஒண்ணு, புக்கிங்குக்கு ஒண்ணு. மூணையும் நம்பர் போட்டு இணைச்சிருக்கேன் மாமா. ரெண்டு நோட்டும் இப்பதான் ஒண்ண ஒண்ணு பாக்குது. ஆனா எங்கயோ ஒரு அட்டவணை கொறையுது. அதான் எதுன்னு புரியல."

"பாடம் எடுக்காத! நாளன்னிக்கு கல்யாணம். முகூர்த்த நாள்ல எவன் நமக்கு சேர் குடுப்பான்?"

அந்த நேரம் பார்த்து ராஜமாணிக்கமே கல்யாணப் பத்திரிகையோடு நுழைந்தார். விஷயத்தைக் கேட்டதும் பத்திரிகையை மேசைமேல் வீசினார்.

"எம்பொண்ணு கல்யாணத்துல சனங்க தரையில ஒக்காரணுமா? மொதல்ல அந்த சிதம்பரம் பார்ட்டிய கேன்சல் பண்ணுய்யா!"

சுப்பராயலு உத்திராபதிக்குப் போனைப் போட்டார். பேசப் பேச அவர் முகம் சுருங்கியது.

"குடுக்கலன்னா கடைய இழுத்துப் பூட்டுவேங்கறாரு."

"பாய் விரிச்சி ஒக்காரச் சொல்லு! அவன் மூஞ்சிக்கு சேரு ஒண்ணுதான் கொறச்சல்!"

சுப்பராயலு அப்படியே சொன்னார். பதிலையும் அப்படியே திருப்பினார். "அந்த கடலூர் பார்ட்டி அறிவுகெட்ட முண்டமாம்."

"யாரப் பாத்து? குடுய்யா போன!"

எழிலன் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினான். "இருங்க. மாமா, சேர எங்க எறக்கணும்னு ரெண்டு நோட்டுலயும் இல்லியே?"

"வண்டி கெளம்பறப்ப போன்ல கேட்டுக்குவோம். இருவது வருசமா அப்படித்தான்."

எழிலன் பத்திரிகையை உறையிலிருந்து உருவினான். இடத்தைத் தேடிய கண் ஒரு பெயரில் நின்றது. திரையைப் பார்த்தான். மறுபடி பத்திரிகையைப் பார்த்தான். சட்டென்று மாமாவின் கையிலிருந்த போனைப் பிடுங்கி, உள்ளங்கையால் பொத்தினான்.

"கொறையற அட்டவணை கெடச்சிடுச்சி மாமா. கேட்டவங்க பேர எழுதினோம், கல்யாணத்த எழுதல. விசேஷத்துக்குன்னு தனி அட்டவணை வேணும்."

"இப்ப அதுவாடா முக்கியம்?"

"அதான் முக்கியம்." எழிலன் ராஜமாணிக்கத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, லைன்ல இருக்கறது ஒங்க சம்பந்தி. ரெண்டு வீட்டுக்காரங்களும் தனித்தனியா சேர் சொல்லிட்டீங்க. பார்ட்டிதான் ரெண்டு, கல்யாணம் ஒண்ணு. நானூறு சேரே போதும்."